நடு பார்க்கும் டெல்சி

சின்ன மோட்டர் பெட்டியைத் தாடை எலும்பில் அழுத்தி, வாயைப் பாதி திறந்து, கண்ணை மூடிக்கொண்டு டெல்சி, வயரில் அதோடு கோத்த சோதனைக் கருவியின் குமிழைத் திருப்புகிறாள். கொஞ்சம் திருப்பி நிறுத்துகிறாள். மறுபடி கொஞ்சம். உள்ளே பல்சக்கரம் நகர்கிற சத்தம் காதைவிட எலும்புக்குத்தான் நன்றாகக் கேட்குமாம். "பேசாம இருங்கண்ணே, இவன் என்னமோ மொனகுறான்" என்கிறாள். நான் எங்கே பேசினேன்? உடைந்த போன் கண்ணாடி ஒன்றைச் சூடு காட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். நான் மூச்சு விடுவதே அவளுக்கு இடைஞ்சல்.

கொட்டகலை கடைவீதியில், ஸ்டேஷனுக்குப் போகிற பாதை பிரியும் இடத்தில், எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கடை. நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் 'விஜிதரன் போன் திருத்துமிடம்'. அந்த விஜிதரன் நான்தான். அந்தப் பக்கம் பெயர்ப்பலகையே கிடையாது. தேவைப்படவும் இல்லை. கொழும்பிலிருந்து ஹட்டனைத் தாண்டி வருகிற பஸ்ஸில், டிரைவர் ஆசனத்துக்குப் பக்கத்தில் பார்சல் வரும். மேலே 'டெல்சி, கொட்டகலை' என்று மட்டும் எழுதியிருக்கும். கண்டக்டர் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி, வாசலில் நிற்கிற என் கையில் அதைத் திணித்து, "அக்காட்ட குடுத்துருங்க" என்பார். இந்தத் தெருவில் அவளுக்கு முன்னாலேயே கடை போட்டவன் நான். இப்போது அவளுக்குத் தபால்காரன்.

பார்சலுக்குள் இருப்பவை சர்வோக்கள். ரிமோட்டில் ஓடுகிற விமானம், படகு, கார் எதுவானாலும் அதற்குக் கைகால் இதுதான். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உள்ளே குட்டி மோட்டர், சில பல்சக்கரங்கள், துளியூண்டு மூளை. வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கை. ரிமோட்டில் குச்சியை அசைத்தால் அந்தக் கை அசைந்து, இறக்கையின் ஓரத்துத் தட்டையோ வாலையோ இழுக்கும். விமானம் திரும்பும், ஏறும், இறங்கும். சொன்ன இடத்துக்குப் போவதும் சொன்ன இடத்தில் நிற்பதும்தான் சர்வோவின் வேலை. அது ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிப்பது டெல்சியின் வேலை. எது நடு, எதுவரை போகலாம், எவ்வளவு வேகம் என்று அந்தத் துளி மூளைக்குள் எழுதிக் கொடுப்பதும் அவள்தான்.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைப்பானேன்? வயிறு எரிகிறது.

எரியாமல் என்ன செய்யும்? இந்த வட்டாரத்தில் ரிமோட் விமானம் என்று ஒன்றை முதலில் பறக்கவிட்டவன் நான். டிவி பெட்டியோடு வருகிற வெள்ளை ரிஜிபோம் அட்டையை வெட்டி ஒட்டி இறக்கை செய்தேன். தேயிலை முடிந்து புல் தொடங்குகிற மொட்டை மேட்டில், பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்றில், எஞ்சின் இல்லாமலே அதை மிதக்கவிட்டேன். தோட்டத்து லயத்து வீட்டுச் சனம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தது. அந்த மேட்டுக்கே 'விஜி மொட்டை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆட்டோக்காரனிடம் அந்தப் பேரைச் சொன்னால் கொண்டுபோய் விடுவான். ஒரு மனுஷனுக்கு உயிரோடு இருக்கும்போதே அவன் பேரில் ஒரு மலை! மலை இல்லைதான், மேடு. இருந்தாலும் என் பேர்.

அப்புறம் டெல்சி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைதான். கொழும்பில் விளையாட்டுச் சாமான் திருத்துகிற ஒரு கடையில் பல வருஷம் இருந்துவிட்டு, அம்மாவுக்குக் கால் முடியாமல் போனதும் திரும்பி வந்தவள். முப்பதைத் தாண்டியிருப்பாள். ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, காதை மூடிய கம்பளித் தொப்பி. மேசையில் எப்போதும் ஆறிப்போன பிளேன்டீ. கடையில் பாதி கேட்டுக்கொண்டு வந்தவளுக்குத் தடுப்புப் பலகையை நானேதான் ஆணி அடித்துக் கொடுத்தேன். அந்த ஆணிகளை இப்போது பார்த்தாலும் பிடுங்கலாமா என்றிருக்கிறது.

அடக்கம் என்றால் என்னவென்று டெல்சிக்குத் தெரியாது. தான் பார்த்த சர்வோ எந்தப் பிளேனில் போனது, எவ்வளவு நேரம் பறந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். மரக்கறி வாங்க வந்த பெண்ணிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். "இலங்கையில என்னைய மாதிரி நடு பாக்க ஒருத்தர காட்டுங்க பாப்போம்" என்பாள். யாரும் காட்ட மாட்டார்கள். யாருக்கும் அது என்னவென்றே தெரியாது என்பதுதான் காரணம் என்று நான் என் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

சர்வோக்கள் எல்லாம் அவளுக்குப் பயல்கள். ஓய்வாக நிற்கும்போதும் கை லேசாக வெடவெடக்கிற சர்வோவை "குளிர்காய்ச்சல்காரன்" என்பாள். மெதுவாக அசைவது "மத்தியானச் சோறு தின்னவன்". நடுவுக்கு வா என்றால் நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வந்துவிட்டேன் என்று பாவனை செய்கிறவன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம். "இவன் பொய் சொல்றாண்ணே! மூஞ்சியப் பாருங்க, ஒண்ணுந் தெரியாத மாதிரி!" நான் பார்த்தால் கறுப்புப் பெட்டிதான் தெரியும். அவளுக்கு அதில் மூஞ்சி தெரிகிறது.

ஒரு சர்வோ பாரம் தாங்குமா என்று பார்க்க, அதன் கையில் நூலைக் கட்டி மளிகைக் கடைத் தராசுப் படிக்கல்லைத் தொங்கவிடுவாள். படிக்கல் பக்கத்துக் கடை முத்துலிங்கத்துடையது. அவர் சீனி நிறுக்கத் தேடும்போது அது இங்கே ஆடிக்கொண்டிருக்கும். அதையாவது பொறுத்துக்கொள்வார். அவருடைய ஐஸ்கிரீம் பெட்டி விஷயம் வேறு. கொழும்பு வெயிலில் நன்றாக ஓடுகிற சர்வோ, எங்கள் விடியற்காலைக் குளிரில் உள்ளே இருக்கிற கிரீஸ் இறுகி மந்தமாகிவிடும் என்று டெல்சி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு பயலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ்கிரீம் கப்புகளுக்கு நடுவில் போட்டுவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, கை விறைக்க விறைக்கக் குமிழைத் திருப்பிப் பார்ப்பாள்.

"ஏம்மா, யாராவது சாக்லட்டுன்னு நெனச்சு தின்னுட்டா என்னா செய்றது?" என்று முத்துலிங்கம் சண்டைக்கு வந்தார்.

"தின்னவங்க சொன்ன எடத்துல ஒழுங்கா நிப்பாங்க மாமா" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அதுதான் எனக்கு ஆகாது. நான் ஒரு தடவை போன் பேட்டரி ஒன்றை அந்தப் பெட்டியில் வைக்கக் கேட்டபோது, "என்னா தம்பி, இது சாப்பாட்டுச் சாமான் வைக்கிற எடம்" என்றவர் இவர்தான்.

வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள். எல்லோரும் அதில் திணறிப்போவார்கள். "சிக்னல் செத்துட்டா ஒங்க பிளேன் என்னா செய்யணும்?" ரிமோட்டின் பேச்சு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால், சர்வோவின் கை எந்த நிலையில் போய் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவளே முடிவு செய்வாள். எங்கள் மேட்டில் பறக்கப் போகிறதென்றால் வால் கொஞ்சம் திரும்பி நிற்க வேண்டும். அப்போது விமானம் ஒரே இடத்தில் வட்டமடித்து இறங்கும். "நேரா விட்டா தோட்டத்துல அடுத்த டிவிஷனுக்குப் போயிரும். தேயிலைக்குள்ள எறங்கி யாரு தேடுறது? அட்டக்கடி நானா வாங்குறது?" என்பாள். இதையே சிங்களத்திலும் விளக்குவாள். அட்டை கடிப்பதைச் சொல்லும்போது மறுமுனையில் இருக்கிறவர் சிரிப்பது எனக்கே கேட்கும்.

ஒரே ஒரு தடவை அவள் சறுக்கினாள். இரண்டு இறக்கையிலும் இருக்கிற சர்வோக்கள் ஒன்றுக்கொன்று எதிராக அசைய வேண்டும். ஒரு பக்கத்துத் தட்டு ஏறினால் மற்றது இறங்க வேண்டும். அப்போதுதான் விமானம் சாய்ந்து திரும்பும். அவள் இரண்டையும் ஒரே பக்கமாக எழுதி அனுப்பிவிட்டாள். பிளேனின் சொந்தக்காரர் போனில் கத்தியது தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. நான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். "அடி ஆத்தி! என் தப்புதாங்க. அனுப்பி வைங்க, மாத்தித் தாறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சர்வோவைத் தாடையில் வைத்துக்கொண்டாள். வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. அன்று சாயந்தரம் நான் எல்லோருக்கும் உளுந்து வடையும் பிளேன்டீயும் வாங்கினேன். "என்னா தம்பி விசேஷம்?" என்று முத்துலிங்கம் கேட்டார். சும்மாதான் என்றேன். டெல்சி இரண்டு வடை தின்றாள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? என் மனைவி பிரேமினிக்கு டெல்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது. "அந்தப் புள்ள கைய வச்சா எதுவும் ஒழுங்கா நிக்குது. நம்ம குசினிக் கதவ ஒருதரம் அதுக்கிட்ட காட்டுங்களேன்" என்றாள். அந்தச் சமையலறைக் கதவு நான் போட்டது.

இவ்வளவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு ஒரே காரணம், அவள் பறக்கவிட மாட்டாள். அது என்னுடையது. சர்வோவை எவ்வளவுதான் சீராட்டினாலும், காற்றில் ஏறிய பிறகு எல்லாம் என் பெருவிரலில்தான். ஆனால் அதையும் அவள் மதிப்பதில்லை. "பட்டம் விடுற மாதிரிதானேண்ணே" என்று ஒருநாள் சொன்னாள். அன்று முழுக்க என்னால் ஒரு போனையும் ஒழுங்காகத் திருத்த முடியவில்லை.

அப்படியிருக்கும்போது கொழும்பிலிருந்து தர்ஷன் வந்தார். கட்டட வரைபடம் போடுகிறவர். அவருடைய விமானத்தைக் கொண்டுவரவே ஒரு வேன் தேவைப்பட்டது. எஞ்சின் இல்லாத மிதவை விமானம். இறக்கை ஒவ்வொன்றும் ஆளைவிட நீளம். வெறும் கூடாக வந்ததற்குள் டெல்சி தன் பயல்களையெல்லாம் குடிவைத்தாள். ஒவ்வொருவனும் தாடை, படிக்கல், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் கடந்து வந்தவன். ஞாயிற்றுக்கிழமை முதல் பறப்பு. நன்றாகப் போனால் சித்திரை மாதத்துச் சுற்றுலா சீசனுக்குத் தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும் விமானங்களோடு இங்கேயே கூட்டி வருவதாக தர்ஷன் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடமே கேட்டார், "டெல்சி மிஸ்ஸின் மலைக்கு எந்தப் பக்கத்தால் போறது?" என்று.

டெல்சி மிஸ்ஸின் மலை! எனக்குக் காது அடைத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கொழும்பில் அவருக்குத் தெரிந்த கொட்டகலை என்றால் அது டெல்சிதான். சீசனுக்கு வருகிற கூட்டமும் அப்படித்தான் கேட்கும். ஆட்டோக்காரன்கள் இரண்டே நாளில் பழகிக்கொள்வான்கள். என் மேடு போய்விடும். அந்த விமானம் விழுந்து தொலைய வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். யாருக்கும் அடிபடாமல், விமானம் மட்டும்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து டெல்சி நேராக மேட்டுக்கு வந்தாள். தலையில் கோயில் முக்காடு, அதன்மேல் கம்பளித் தொப்பி. முத்துலிங்கம் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். லயத்திலிருந்து கொஞ்சம் சனம். பள்ளத்திலிருந்து காற்று நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. டெல்சி விமானத்தின் வால் பக்கம் குந்திக்கொண்டு, தர்ஷனைக் குச்சியை அசைக்கச் சொல்லி, ஒவ்வொரு தட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

தர்ஷன் ரிமோட்டை அவளிடம் நீட்டினார். "முதல் பறப்பு நீங்கதான் மிஸ். இவ்வளவும் செய்தது நீங்க."

"விஜி அண்ணே விடுவாரு" என்றாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பறந்தால் பேர் அவளுக்கு, விழுந்தால் பழி எனக்கு. விஜி மொட்டையில் நின்றுகொண்டு விஜி மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நன்றாகக் கோர்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன் மிஸ், நீங்க விடமாட்டீங்களா?" என்று தர்ஷன் விடாமல் கேட்டார்.

"எனக்குத் தூரம் தெரியாதுங்க" என்றாள் டெல்சி, பஸ் போய்விட்டது என்பதைப் போலச் சாதாரணமாக. "சின்னதுல தேயிலக் குச்சி குத்தி ஒரு கண்ணு போயிருச்சு. மத்ததும் அந்தா அந்த வேலி வரைக்குந்தான். கண்ணாடி போட்டும் சரிவரல. அதுக்கங்கிட்டுப் போனா எனக்கு பிளேனும் ஒண்ணுதான், மேகமும் ஒண்ணுதான்."

இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. "விடுங்கண்ணே, காத்து போயிரும்" என்று அவள் என்னை விரட்டினாள்.

ரிமோட்டை வாங்கினேன். தர்ஷனும் முத்துலிங்கமும் விமானத்தைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு ஓடி எறிந்தார்கள். விமானம் ஒரு நொடி தாழ்ந்தது. பிறகு காற்று அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டது.

பாவம் என்று நினைத்து என் பொறாமை அடங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். அடங்கவில்லை. விரலை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நினைத்து முடிப்பதற்குள் அது திரும்பியது. குச்சியை விட்டேன், நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. என் சொந்த விமானம் ஒன்றாவது இப்படி நடுவில் நின்றிருக்கிறதா? எரிச்சல் பொங்கியது. எங்கேயாவது ஒரு குற்றம் இருக்கும், கண்டுபிடித்துவிடுகிறேன் என்று அதை உயரே கொண்டுபோய் மூக்கைக் கவிழ்த்தேன். பள்ளத்துக்குள் விசில் அடித்துக்கொண்டு இறங்கியது. சர்வோ தளர்வாக இருந்தால் இந்த வேகத்தில் இறக்கைத் தட்டுகள் படபடவென்று துடித்துப் பிய்ந்துகொள்ளும். "அண்ணே!" என்று தர்ஷன் அலறினார். குச்சியை முழுசாக இழுத்தேன். ஒரு நடுக்கம் இல்லாமல் வளைந்து எழுந்து, தலைகீழாகப் புரண்டு, என் தலைக்கு மேலே வந்து நிமிர்ந்தது. சனம் ஓவென்று கத்தியது. பாவி, ஒரு குற்றமும் வைக்கவில்லை.

விமானம் எங்களுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வரும்போது அதோடு நானும் திரும்பினேன். அப்போதுதான் டெல்சி கண்ணில் பட்டாள். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் பக்கத்தில் நின்று, என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து அவளுடைய இரண்டு பெருவிரல்களும் வெளியே வந்திருந்தன. நான் இடது குச்சியைத் தள்ளினால் அவளுடைய இடது விரல் காற்றில் தள்ளியது. நான் இழுத்தால் அதுவும் இழுத்தது. நான் எரிச்சலோடு செய்ததையெல்லாம் அவள் மெதுவாக, ஆசையாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தையும் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். கண்டக்டர் பார்சலை என் கையில் திணித்துவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும், கடைக் கண்ணாடியில் நான் பார்க்கிற என் முகம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் இறக்க வேண்டிய விமானத்தை இறக்காமல் இன்னொரு சுற்று விட்டேன், அதற்கப்புறம் இன்னொன்று. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த ரிமோட்டை இடுப்பு வரை தாழ்த்தி, கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். தர்ஷன், "காற்று விழுது, இறக்குங்கோ" என்று அவசரப்படுத்தினார்.

சரிவோரமாகக் கொண்டுவந்து, மூக்கைத் தூக்கி, புல்லில் வைத்தேன். விமானம் ஒரு தடவை குலுங்கி நின்றது. தர்ஷன் ஓடினார். முத்துலிங்கம் தொப்பியைக் கழற்றி வீசினார். சனம் கைதட்டிக்கொண்டு டெல்சியின் பக்கம் திரும்பியது. டெல்சி யாரையும் பார்க்கவில்லை. குச்சிகளை விட்டுவிட்ட என் கைகளுக்குப் பக்கத்தில், அவளுடைய இரண்டு பெருவிரல்களும் இன்னும் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், மெல்ல மெல்ல, அவளுடையதை அவள் இறக்கிக்கொண்டிருந்தாள்.